எட்டுப் பேருக்கு ஒரு குடும்பத் தலைவர்

கேள்வி கேட்பது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள், டியூட்டி முடிந்து குளிக்க வரிசையில் நிற்பவரிடம் போய் "நாற்பது கேள்விதான் அண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். படிவத்தோடு அலைந்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும்.

பிளஸ் டூ முடித்துவிட்டு துபாயில் சும்மா இருந்தேன். மக்கள் எப்படி வாழ்கிறார்கள், எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று அளக்கும் ஓர் ஆய்வு அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. கையில் டேப்லெட். தப்பு என்று மூன்று முறை படிவம் திரும்பி வந்தால் வேலை காலி.

தலைவர் யார்?

சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் ஒரு ரூம். எட்டுப் பேர், ஐந்து மாவட்டம். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டால் ஒரே குடும்பம் என்பது எங்கள் விதி. "குடும்பத் தலைவர் யாருண்ணே?" என்றேன். எட்டுப் பேரும் சிரித்தார்கள். சுவரில் என்றைக்கு யார் சமையல் என்று எழுதி ஒட்டியிருந்தது. பெரம்பலூர்க்காரர் முருகேசன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னைக்கு செல்வம். நாளைக்கு வந்தீன்னா நான்."

பொறுமை குறைந்தவர்

அதே முருகேசன் அண்ணனிடம் அடுத்த கேள்வி: இன்றே ஒரு நாள் லீவு வேண்டுமா, ஆறு மாதம் கழித்து மூன்று நாள் வேண்டுமா? "இன்னைக்கே" என்றார். டேப்லெட் உடனே 'பொறுமை குறைந்தவர்' என்று போட்டது. மூன்று வருஷமாக ஊருக்குப் போகாத மனுஷர்! ஏண்ணே என்றேன்.

"கேக்குறது நீ, குடுக்குறது கம்பெனி. ஆறு மாசத்துல சூப்பர்வைசர் மாறிடுவான். புதுசா வர்றவன்கிட்ட நான் எந்தக் கதையைச் சொல்ல?"

ஒரு டிக்

'தலைவர் இல்லை, உறவும் இல்லை' என்று எழுதிய படிவம் திரும்பியது. 'பொறுமை குறைந்தவர்' என்பதை அழித்துவிட்டு முருகேசன் அண்ணன் சொன்னதை எழுதினேன், அதுவும் திரும்பியது. எங்கள் மேலதிகாரி நித்யா மேடம் சென்னைக்காரர், பொருளாதாரம் படித்தவர். "செல்வம் தலைவர், மத்த ஏழு பேரும் உறவினர்னு போடு. இல்லன்னா கம்ப்யூட்டர்ல கணக்கு மாடல் ஓடாது."

'உறவினர்' பெட்டியில் விரலைக்கூட வைத்துவிட்டேன். ஆனால் ஏழு பேருக்கும் ஊரில் தனித்தனியாகப் பெண்டாட்டி பிள்ளை உண்டு. ஒரு டிக்கில் அத்தனை குடும்பமும் காணாமல் போகும். பழையபடியே அனுப்பினேன், மூன்றாவது முறையாகத் திரும்பியது. மேடம் கத்தவில்லை.

"நீ எழுதினதுதான் சரி. ஆனா படிவத்தை மாத்த ஆறு பேர் கையெழுத்து வேணும், உன்னை மாத்த என் கையெழுத்து போதும்."

இப்போது யாராவது டேப்லெட்டோடு என் வீட்டுக்கு வந்தால், 'வேலையில்லை' என்ற பெட்டிக்கு மட்டும் நான் யோசிக்காமல் பதில் சொல்வேன்.