அணைக்காமல் போன திரை

அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. தூசி கணிப்பொறிக்கு ஆகாது என்றார்கள். கோடைக்கானலில் தூசி எங்கே இருக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. சமவெளியில் எழுதப்பட்ட விதிகளோடுதான் அந்த இயந்திரம் மலையேறி வந்திருந்தது. விதியைக் கேள்வி கேட்டால் இயந்திரத்தையே லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோய்விடுவார்களோ என்று பயம். ஆகவே செருப்பை வாசலில் விட்டு, கம்பளிக் காலுறையோடு, சிமெண்டுத் தரையின் குளிர் கணுக்கால் வழியே முழங்காலுக்கு ஏற, எண்பதுகளின் பிற்பாதியில் நாங்கள் சிலர் அங்கே கணிப்பொறி படித்தோம்.

தூசி இல்லை, ஈரம் இருந்தது. மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி ஜன்னல் இடுக்கில் நுழைந்து, அழைக்காத உறவினர் மாதிரி மூலையில் உட்கார்ந்துகொள்ளும். ஃபிளாப்பித் தட்டுகளில் வெள்ளை வெள்ளையாய்ப் பூசணம் பூக்கும். அவற்றை ஒரு மர பீரோவில் அடுக்கி, உள்ளே ஒரு குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிட்டிருந்தார் ஆய்வக உதவியாளர். கம்பளித் துணிக்கும் கேமராவுக்கும் இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான் அது. திரைகளுக்கும் அவர் அப்படியே ஒரு சட்டம் வைத்திருந்தார். எந்தத் திரையையும் அணைக்கக் கூடாது.

"ஏலே, கைய எடு," என்பார், சுவிட்சை நோக்கிப் போகும் பையனிடம். "அது சூடா கெடக்கட்டும். ஒரு ராத்திரி அணைச்சுப் போட்டா ஈரம் ஏறிரும். பெறகு காலையில எந்திரிக்காது. உங்கப்பனா வந்து எழுப்புவான்?"

சூடு எங்களுக்கும் வேண்டியிருந்தது. திரையின் முதுகில் விரல்களை ஒட்டிவைத்துக்கொள்வோம். மழையில் நனைந்த சால்வையை அதன்மேல் விரித்துக் காயவைப்போம். திரையை அணைக்கக் கூடாது என்பது நாளடைவில், அதிலிருந்து வெளியேறவும் வேண்டாம் என்றாகிவிட்டது. பஸ் பிடிக்கிற அவசரத்தில், அவரவர் பெயரில் திறந்த திரையை அப்படியே விட்டுவிட்டு ஓடுவோம். அடுத்து வருகிறவர் அதே பெயரின் கீழ் உட்கார்ந்து வேலை செய்வார். அடுப்பு ஒருவர் மூட்டியது, குளிர் எல்லோருக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் கணிப்பொறிப் பாதுகாப்பு என்று ஒரு புதிய பாடம் வந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த விரிவுரையாளர், குரங்குக் குல்லாய்க்குள் முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, ரோனியோவில் நகலெடுத்த தாள்களை வாசிப்பார். "யார் தொட்டாலும் தடம் இருக்கும். தடத்தைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம்." அவர் வாயிலிருந்து புகை வரும். ஜன்னலுக்கு வெளியே, சற்று முன் நடந்துபோன குதிரைக்காரனின் தடத்தை மஞ்சு அழித்துக்கொண்டிருக்கும். அழகான பாடம்தான் அது, இன்றும் சொல்கிறேன். கல்லும் பேசும் என்று நம்பவைக்கிற பாடம்.

எனக்குப் பக்கத்துத் திரை அவளுடையது. பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து லயத்திலிருந்து, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவளை வகுப்பில் 'சிலோன்' என்றே கூப்பிட்டார்கள். அவள் அதற்குத் திரும்பவே மாட்டாள். பெயர் சொன்னால்தான் திரும்புவாள்.

"பெரட்டுல பேரு வாசிச்சாத்தான் எங்கம்மா கையத் தூக்கும்," என்றாள் ஒருமுறை. விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத்தான் அவர்கள் பெரட்டு என்பது. "பேரு ஒண்ணுதான் எங்களுக்குன்னு குடுத்தது. அதையும் மாத்திக் கூப்புட்டா எப்புடி?"

படிப்பு முடிந்தால் அவள் லயத்தை விட்டு வெளியே வந்துவிடலாம். முடியாவிட்டால் அம்மாவோடு காப்பிப் பழம் பறிக்கப் போக வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. வகுப்பிலேயே வெள்ளனே வருகிறவள் அவள்தான், பஸ்ஸுக்காக வெரசாய்ப் போகிறவளும் அவள்தான்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், மதிப்பெண் கோப்பில் யாரோ கைவைத்திருந்தார்கள். சிலருடைய மதிப்பெண் கூடியிருந்தது. இயந்திரத்தின் பதிவில் பார்த்தபோது, கோப்பைத் திருத்தியது அவள் பெயர். நேரம், ஒரு நாள் மாலை ஐந்தேகால்.

விரிவுரையாளரின் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. தாளில் மட்டும் வாசித்துக்கொண்டிருந்த திருட்டு அவருக்கு உயிரோடு கிடைத்துவிட்டது. குல்லாயைக்கூடக் கழற்றிவிட்டார்.

விசாரணை கல்லூரி முதல்வர் அறையில் நடந்தது. அங்கே ஹீட்டர் உண்டு, அதன் சிவந்த கம்பிகள் முதல்வரின் பக்கம் திரும்பியிருந்தன. பக்கத்துத் திரைக்காரி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"மார்க்க நான் ஏன் சார் மாத்தணும்?" என்றாள் அவள். "கூடினதுல என் மார்க்கே இல்லையே."

"அதுதான் சாமர்த்தியம்," என்றார் முதல்வர்.

எல்லோரும் திரையைத் திறந்தபடி விட்டுவிட்டுத்தான் போவோம், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம் என்று நான் சொன்னேன்.

"எல்லாரும்னா யார் யார்? பேர் சொல்லு."

"நானும்தான் சார்."

"ஓ. அப்ப உனக்கும் ஒரு வார்னிங்."

உதவியாளரை அழைத்தார்கள். அணைக்க வேண்டாம் என்று அவர்தானே சொன்னார், அவர் வாயிலிருந்தே வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். "நான் எப்பவும் அணைச்சிட்டுப் போகத்தாங்க சொல்லுவேன். புள்ளைங்க கேக்காதுங்க."

பிறகு தாழ்வாரத்தில் அவரை மறித்துக் கேட்டேன். "எனக்கு இன்னும் பெர்மனென்ட் ஆகலம்மா," என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லின்மேல் எத்தனை பேருடைய வாழ்க்கை ஏறி உட்கார்ந்திருக்கிறது இந்த நாட்டில்.

ஆனால் அவளிடம் ஒரு சாட்சி இருந்தது, எங்கள் பாடத்தில் சொல்லாத சாட்சி. மறுநாள் பண்ணைக்காட்டு பஸ்ஸின் கண்டக்டரையே அழைத்து வந்துவிட்டாள். டிக்கெட் பையோடு, மழைக்கோட்டோடு, செருப்போடு அவர் உள்ளே நுழைந்தார். யாரும் தடுக்கவில்லை.

"நல்லா ஞாபகம் இருக்குங்க," என்றார். "அன்னைக்கு நாலரை வண்டி. பெருமாள்மலைக்கு முன்னால தைலமரம் ஒண்ணு ரோட்டுல விழுந்து கெடந்துச்சு. எல்லாரும் மழையில எறங்கி நின்னோம். இந்தப் புள்ளயும் நின்னுச்சு. அஞ்சேகாலுக்கு அது எங்கூட மரத்தத் தள்ளிக்கிட்டு இருந்துச்சுங்க. எனக்கு ஒண்ணும் சோலி இல்லாம வந்து பொய் சொல்லல."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். தடத்தைப் பிடித்தாயிற்று. ஆள் அங்கே இல்லை.

முதல்வர் விரிவுரையாளரைப் பார்த்தார். விரிவுரையாளர் உதவியாளரைப் பார்த்துக் கேட்டார்.

"அன்னைக்கு மத்தியானம் கரண்ட் போச்சில்ல?"

"ஆமாங்க."

"வந்த பிறகு மெஷின்ல டைம் வெச்சது யாரு?"

"நான்தாங்க. என் வாட்ச்ச பாத்து."

விரிவுரையாளர் மெல்லச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். கண்டுபிடிப்பின் சந்தோஷம்தான் அது, குழந்தைகளுக்கு வருவது போல. "அப்ப டைமை நம்ப முடியாது. நாலு மணிக்குச் செஞ்சதை மெஷின் அஞ்சேகால்னு போட்டிருக்கலாம். கடிகாரம் தப்பா இருக்கலாம். பேரு தப்பா இருக்காது."

ஒரே வரிப் பதிவு. அதில் பாதி பொய்யாக இருக்கலாம், பாதி வேதவாக்கு. எந்தப் பாதி எது என்பதை ஹீட்டர் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் முடிவு செய்தார்கள். உதவியாளரின் வாட்ச் ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுமா என்று, அது அவர் மணிக்கட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தபோதும், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். "உனக்கு ஏற்கெனவே ஒரு வார்னிங் இருக்கு," என்றார் முதல்வர். கண்டக்டர் மட்டும், "அப்ப நான் நனைஞ்சதும் பொய்யாங்க?" என்று கேட்டுவிட்டு, வண்டிக்கு நேரமாயிற்று என்று போனார்.

அவளை நீக்கினார்கள். கோப்பை உண்மையில் மாற்றியது யார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மதிப்பெண் கூடியவர்களில் சிலர் இப்போது நல்ல நிலையில் இருக்கிறார்கள். அவர்களாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெயரை வைத்து ஆளைச் சொல்லும் புத்தி எனக்கு அன்றோடு போயிற்று.

பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி மாலையில் எல்லோரும் வெளியேறி, எல்லாத் திரைகளையும் அணைத்துவிட்டே போக வேண்டும். அணைத்தோம். மழை இரவெல்லாம் ஓட்டின்மேல் நடந்தது. காலையில் அறை ஒரு குகை மாதிரி சில்லிட்டுக் கிடந்தது. முதலில் ஒரு திரை எழவில்லை. பிறகு அவளுடைய திரை. பிறகு என்னுடையது. சென்னையிலிருந்து ஆள் வந்து முதுகைக் கழற்றிப் பார்த்து, உள்ளே தண்ணீர் கோத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் ஏரியில் படகு விட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு இன்னொரு சுற்றறிக்கை. திரைகளை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது. அதைக் கதவில் ஒட்டியவர் உதவியாளர்தான். என் கண்ணைப் பார்க்காமல், பசையை நான்கு மூலையிலும் நன்றாகத் தேய்த்து ஒட்டினார்.

அந்த வாரமே பண்ணைக்காட்டு பஸ்ஸில் ஏறினேன்.

களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவள் மரப்பலகையால் அதைக் கிளறிக்கொண்டிருந்தாள். விரல்களில் பழத்தின் கறை. நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். திரைகள் செத்தது, சென்னை ஆள், புதுச் சுற்றறிக்கை. அவள் செய்ததைத்தான் இப்போது சட்டமாக்கிக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள் என்று.

கிளறுவதை நிறுத்தினாள். "அப்ப என்னையக் கூப்புடுறாங்களா?"

"இல்லடி."

மறுபடி கிளறினாள். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குத் திரும்பினாள். மேலே மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"என் பேரு இன்னும் அந்த மெஷினுக்குள்ள கெடக்கா?"

நீக்கியது அவளை மட்டும்தான். அவள் பெயரை இயந்திரத்திலிருந்து எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நான் அந்தக் காலையில்கூடப் பார்த்திருந்தேன்.

"கெடக்கு," என்றேன்.

"நல்லதாப் போச்சு. அதையே உக்காந்து பரீட்சை எழுதச் சொல்லு," என்றாள். "வா, படுதாவோட அந்த முனையப் பிடி. கொட்ட நனையப் போகுது."