முதலாளியின் வெள்ளைச் சட்டை

சிவகாசி அச்சகம் ஒன்றில் படங்களுக்கு நிறம் திருத்துவது என் வேலை. போன வருடம் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி, காலண்டரில் போடத் தன் பழைய பிலிம் நெகட்டிவைக் கொண்டுவந்தார். ஸ்கேன் செய்து பார்த்தால் படம் முழுக்கப் பச்சை பாய்ந்திருந்தது. நடுவில் அவர். ஓரத்தில், கையெல்லாம் பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பொடியோடு, அவர் ஆலையில் வேலை பார்த்த என் அம்மா. அவள் யாரென்று அவருக்குத் தெரியாது.

அந்தப் பொடியின் சாம்பல் நிறத்தை அளவாக வைத்துத் திருத்தியதும் எல்லார் முகமும் சரியாக வந்தது. அவர் சட்டையில் மட்டும் லேசாக நீலம். சலவையில் போட்ட சொட்டு நீலம் அது.

"சட்டை பளிச்சுன்னு வெள்ளையா இருக்கணும்லே. ஓரத்துல நிக்கிற பொம்பளைய வெட்டி எறி" என்றார்.

பொடிக்குப் பதில் சட்டையை அளவாக வைத்து அதன் நீலத்தை எடுத்தால் படம் முழுக்க மஞ்சள் ஏறும். சொல்ல வாயெடுத்தேன், அம்மாவின் கையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். அவர் சொன்னபடியே செய்தேன். அச்சுக்குமுன் காட்டிய மாதிரியில் சட்டையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது கடைக்குக் கடை தொங்குகிறார். "மொதலாளி, மஞ்சக்காமாலைக்கு மருந்து சாப்பிட்டீகளா?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்களாம்.

டிசம்பர் முடியும்வரை அவரை யாரும் ஆணியிலிருந்து இறக்கப்போவதில்லை.