மலை ஏரிக்குத் தைத்த பைகள்

தேரடித் தெருவில் தையல் கடை வைத்திருந்த தசரதனுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. தெரிந்தவள் அவன் பெண்டாட்டி வேதா. கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் வளர்ந்தவள். தக்கை முங்குகிற விதத்தைப் பார்த்தே வந்திருப்பது கெண்டையா, கெளுத்தியா என்று சொல்லிவிடுவாள். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தபோது சீர் சாமான்களோடு இரண்டு மூங்கில் தூண்டில்களும் வந்து இறங்கின. நாத்தனார் ஜோதியம்மாள் மூக்கின்மேல் விரல் வைத்தாள்.

தசரதன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடையை மூடிவிட்டு, அவளோடு பஸ் ஏறி ஏரிக்குப் போவான். அவள் தூண்டில் போடுவாள், இவன் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் குடை பிடிப்பான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், இவனுக்கென்ன! பிள்ளை இல்லாத அந்த வீட்டில் வேதாவின் முகம் மலர்வது அந்தக் கரையில் மட்டும்தான் என்பது அவனுக்குத் தெரியும்.

எழுபத்தைந்தாம் வருஷம் பொங்கலுக்கு வேதாவின் அண்ணன் பலராமன் வந்தான். நீலகிரியில், மலை உச்சி அணைகளில் மின்சார வாரிய வேலை அவனுக்கு. அங்கே ஏரிகளில் ட்ரவுட் என்று ஒரு மீன் இருக்கிறது, வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது, குளிர்ந்த தெளிந்த தண்ணீரில்தான் பிழைக்கும், உடம்பெல்லாம் புள்ளி, கரையில் ஆள் நிழல் விழுந்தாலே ஓடிவிடும் என்று அவன் சொல்லச் சொல்ல, வேதா இலையில் போட்ட சோற்றைப் பிசையாமலே உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது. சேலம் வழியாக மேட்டுப்பாளையம், அங்கிருந்து ஊட்டி. பர்மிட்டை அண்ணன் வாங்கி வைப்பான். கடைசி பஸ் நிற்கிற இடத்திலிருந்து சோலைக்காட்டு வழியாக நடந்தால் முதல் ஏரி. அங்கே கூடாரம் போட்டுத் தூங்கி எழுந்து, அடுத்த ஏரி. இரவு தீ மூட்டிக்கொள்ளலாமா, யானை வருமா, புளிச்சோறு எத்தனை நாள் தாங்கும் என்று புருஷனும் பெண்டாட்டியும் பச்சைப் பிள்ளைகள் மாதிரி பேசிக்கொண்டே இருந்தார்கள்.

ஆசிரமத்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் முதுகுப் பையின் பட்டை அறுந்துவிட்டதென்று கடையில் கொடுத்தார். தசரதன் பட்டையை மட்டுமா தைத்தான்? பையையே காகிதத்தின்மேல் வைத்து வெட்டுக் கணக்கு எடுத்துக்கொண்டுதான் திருப்பிக் கொடுத்தான். லாரி தார்ப்பாயில் அதே மாதிரி இரண்டு பைகள் தைத்தான். வேதாவின் தோளுக்குக் கம்பளி வைத்த பட்டை. பக்கத்தில் புழு டப்பாவுக்கென்று ஒரு பாக்கெட். பழைய சாமியானாத் துணியில் ஒரு கூடாரம். அவள் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தாள். தோள் இழுக்கிறது என்றாள். பிரித்துத் தைத்தான். தீபத் திருவிழாவும் பொங்கல் தையலும் முடிந்ததும் மாசியில் கிளம்புவதென்று முடிவாயிற்று.

கார்த்திகையில் வேதாவுக்கு விஷக் காய்ச்சல் கண்டது. தீபத்தன்று அவளுக்கு நினைவே இல்லை. பார்க்கவேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலம் மலை உச்சியில் தீபம் ஏற்றியதும் ஊரே கைதூக்கி அரோகரா போட்டது. தசரதன் ஆஸ்பத்திரி வாசலில் மண்டியிட்டு அழுதான். தேங்காயும் முடியும் எல்லோரும்தான் கொடுக்கிறார்கள். உயிரைக் கேட்கிறவன் உயிருக்கு ஈடாக அல்லவா கொடுக்கவேண்டும்? அந்த வீட்டிலேயே ஒசந்த பொருள் எது என்று யோசித்தான். யோசிக்க என்ன இருக்கிறது!

"அண்ணாமலையாரே, அவள எழுப்பிக் குடு. இனி அவ தூண்டில தொடமாட்டா" என்றான்.

வேதா பிழைத்தாள். எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்து, தையில் கஞ்சி குடித்து, மாசியில் எழுந்து நடந்தாள். நடந்து போய் முதலில் எடுத்தது ஆணியில் மாட்டியிருந்த பையை. "எப்பங்க கிளம்பறோம்?" என்றாள்.

பாவி மனுஷன், அதுவரை அவளிடம் வாயைத் திறக்கவில்லை. அன்றுதான் சொன்னான். வேதா பையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை.

"உங்க தையல் மிஷினத் தரேன்னு வேண்டிக்கினு இருக்கலாமே" என்றாள்.

அது அவனுக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. மிஷினைக் கொடுத்துவிட்டால் சோற்றுக்கு என்ன செய்வது என்று கணக்குப் போட்டு அவன் அப்படி வேண்டவில்லை. ஆனால் அவள் அதைச் சொன்ன பிறகு, கணக்குப் போட்டுத்தான் வேண்டினோமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வெள்ளியில் மீன் செய்து உண்டியலில் போட்டால் வேண்டுதல் கழியும் என்று யாரோ சொன்னார்கள். தட்டாரிடம் போகக் கிளம்பியவனை வேதாதான் தடுத்தாள். "வாக்கு குடுத்தது நீங்க. தப்பினா சாமி உங்களத்தான் கேக்கும். வாணாம்." சரி, ஏரியைச் சும்மா பார்த்துவிட்டாவது வருவோம் என்றான். வெறுங்கையோடு போய் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு தடவையாவது திட்டியிருந்தால் அவனுக்கு ஆறியிருக்கும். தூண்டில்கள் கொடிக்குக் கழியாயின. கூடாரத்துணி அரிசி காயவைக்க ஆயிற்று. ஒரு பையில் ரேஷன் வாங்கி வந்தாள், இன்னொன்று ஆணியிலேயே தொங்கியது. ஞாயிற்றுக்கிழமையும் தசரதன் கடை திறந்தான். கீழ்பென்னாத்தூருக்குப் போகிற பஸ்ஸில் ஏரி வரும்போது வேதா குனிந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்வாள். தீபத்தன்று ஊரே தெருவில் நின்று மலையைப் பார்க்கும்போது அவள் பின்கட்டில் பாத்திரம் துலக்குவாள்.

எண்பத்து நாலில் தசரதன் மிஷின்மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். நினைவு தப்பியவனை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னல் நிறைய மலை. வேதா கால்மாட்டில் உட்கார்ந்து அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜோதியம்மாள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"மலையப் பாத்து வேண்டிக்க வேதா. உனக்குப் பிரியமானது எதையாவது விட்டுடறேன்னு சொல்லு."

வேதா ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள், குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"எங்கிட்ட இருந்தது ஒண்ணுதான் அண்ணி. அத இவரு அப்பவே குடுத்துட்டாரு."

தசரதனுக்கு நினைவு வந்து வெகுநேரமாகியிருந்தது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. அவள் அவனுடைய இன்னொரு பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள்.