மருந்துக் கம்பியில் ஒரு சிவப்பு அட்டை

அந்த டாக்டரின் பொறுமை மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கீமோ மட்டும் குடுத்ததுல கட்டி அசையல. அதோட ஒரு புரோட்டீனும் சேர்த்துப் பாக்கலாம். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் தானா செத்துப்போக ஒரு சுவிட்ச் இருக்கு. கீமோ கேன்சர் செல்லைத் தளர்த்தி வைக்கும், புரோட்டீன் சுவிட்சை அமுக்கும். இது இன்னும் சோதனையிலதான் இருக்கு. பிடிக்கலன்னா எப்ப வேணாலும் விலகிக்கலாம்."

என் கணவருக்குப் பெருங்குடலில் புற்று. நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பழுதுபார்ப்பவர். சுவிட்ச் என்றதும் நிமிர்ந்தார்.

"நல்ல செல்லுலயும் அதே சுவிட்ச் இருக்குமில்லீங்க?"

"இருக்கு."

"அதை அமுக்காம யாருங்க பாத்துக்கறது?"

"பெரும்பாலும் அது தப்பிச்சுக்கும்னு நம்பறோம். கல்லீரலைக் கவனிச்சுக்கிட்டே இருப்போம்."

நம்பறோம். பண்ருட்டி தாண்டியும் அந்தச் சொல் பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. சாவைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு திரவம், ஆளைத் தெரிந்துதான் சொல்லுமா?

குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எலிக்குப் போட வேண்டியதை மனுசனுக்குப் போட்டுப் பாக்கறானுங்கடி. கையெழுத்து கிய்யெழுத்து போட்டுடாதீங்க."

என் கணவர் சிரித்தார். "கீமோ பர்மனென்ட்டு ஆளு, புரோட்டீன் கான்ட்ராக்ட்டு ஆளு அக்கா. வேலைய யாரு செய்வா, பேர யாரு வாங்குவான்னு நமக்குத் தெரியாதா?"

சிரித்துக்கொண்டே போய்க் கையெழுத்தும் போட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெல்ட்டுக்கு அடியில் வேலை பார்க்க நுழைகிறவர் முதலில் பெல்ட்டை நிறுத்தி, அதன் சுவிட்சில் தன் சிவப்பு அட்டையை மாட்டுவார். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். எஞ்சினியரே வந்தாலும் தொடக்கூடாது. அட்டையைக் கழற்ற மறந்துவிட்டுக் குள்ளஞ்சாவடிச் சந்தைக்குப் போன ஒருவரை ஜீப் அனுப்பிப் பிடித்துவந்து கழற்ற வைத்த கதையை இவர் ரசித்து ரசித்துச் சொல்வார்.

புது மருந்தை முதன்முதலாக ஏற்றும் நாள். ஒவ்வாமை வராமலிருக்க முன்னால் போட்ட ஊசியில் அவருக்குக் கண் சொக்கியது. தூங்குவதற்கு முன் தலையணைக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து, மருந்துப் பை தொங்கவிடும் கம்பியில் மாட்டினார். அதே அட்டை. 'இயக்காதே. ஆள் உள்ளே.'

மருந்துப் பையோடு வந்த நர்ஸ் நின்றுவிட்டார். "என்னம்மா இது? நான் எடுத்துடவா?"

"வேணாங்க. அவர்தான் எடுக்கணும்."

டாக்டர் வந்தார். அட்டையைப் படித்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். பழையபடி நாற்காலியை இழுத்தார்.

"சார், கலந்த மருந்து ரொம்ப நேரம் தாங்காது," என்றார் நர்ஸ்.

"வீணானா வேற கலந்துக்கலாம். எழுந்திருக்கட்டும்."

இந்தப் பொறுமை என் மனிதருக்காகவா, தன் சோதனைக்காகவா? அந்த முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். அது எனக்குத் திறக்கவில்லை.

அவர் கண் விழித்ததும் கம்பியைத்தான் பார்த்தார். "யாரும் தொடலியே?"

"தொடல."

டாக்டர் பக்கம் திரும்பினார். "நிறுத்துன்னு சொன்னா, ஏன்னு கேக்காம நிறுத்துவீங்களா? பெல்ட்டுக்குக் கீழ கெடக்கறவன் நானுங்க."

"நிறுத்துவேன்."

 இவர் எழுந்து உட்கார்ந்து, அட்டையைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"எனக்கு நெனப்பு தப்பிப்போச்சுன்னா நீ மாட்டு. நீ மாட்டினா நீதான் எடுக்கணும், தெரியுமில்ல?"

மருந்து இறங்க ஆரம்பித்தது. தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவையும் நான் நம்பவில்லை. மஞ்சள் தட்டுகிறதா என்று அவர் கண்ணின் வெள்ளையைக் குனிந்து பார்த்தேன்.

"இன்னாடி இப்படிப் பாத்துகினு இருக்கற? இன்னும் டியூபையே தாண்டலடி அது."

டாக்டர் எழுந்து போகவில்லை. நான் அட்டையை மாட்டவுமில்லை, பைக்குள் போடவுமில்லை. மடியில், எழுத்து மேலே தெரிகிறபடி வைத்துக்கொண்டேன்.