புளி போட்டுத் துலக்கிய நாற்காலிகள்

அப்பா ரங்கூனில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் வேலை பார்த்தார். சீமையில், கிராமப்புறத்திலிருந்த துரையின் பூர்வீக மாளிகையிலிருந்து நான்கு பழைய கைவைத்த நாற்காலிகள் கப்பலில் வந்து இறங்கின. வெள்ளைச் சாயம் பூசி, பூ வரைந்து, ஓரமெல்லாம் பொன்முலாம் இட்டவை. கடற்காற்றில் முலாம் மங்கியிருந்தது. அதைப் பித்தளை என்று நினைத்த அப்பா, வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார். முலாம் போய் மரம் தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். இங்கிலீஷ் தெரியும் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"இன்னும் ஒரு தடவ தேய்ச்சா பளபளன்னு வந்துரும்னு தொரசாணிகிட்ட சொல்லுடா," என்றார் அப்பா, கையில் புளிச்சக்கையோடு.

நான் அதைச் சொல்லவில்லை. தெரியாமல் செய்துவிட்டார், மன்னிக்க வேண்டும் என்றேன். துரைசாணி சத்தம்கூடப் போடவில்லை. நாற்காலிகளை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து இவர் வர வேண்டாம் என்றாள். அதையும் நானே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

வாசலைத் தாண்டியதும் அப்பா கேட்டார்:

"நான் சொன்னத அப்படியே சொன்னியா? இல்ல, ஒனக்கு இங்கிலீசு வரலையா?"

"வரலப்பா," என்றேன்.