சத்தத்தை வைத்துச் சாட்சி சொன்னவர்

நெய்வேலியில் எங்கள் மன்றத்தின் குத்துச்சண்டைக் கூடத்துக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தார். ஒல்லியான உடம்பு, அதைவிட இரண்டு மடங்கு பெரிய சீருடை. நாற்காலியை எப்போதும் சாலையைப் பார்த்தே போடுவார்.

நாங்கள் கொண்டாடிய வீராங்கனை ஒரு பெரிய போட்டியில் முதல் சுற்றிலேயே அடி வாங்கித் தோற்றாள். அடுத்த போட்டிக்கு அவளை அனுப்பலாமா என்று மன்றம் கூடியது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு எனக்குத்தான்.

"அந்தப் பொண்ண சும்மா தூக்கி வச்சிட்டோம்ப்பா" என்றார் செயலாளர்.

"ஒரு தோல்விய வச்சு சொல்லாதீங்க சார்" என்றார் பயிற்சியாளர்.

ஒரு மணி நேரம் இப்படியே போனது. தினமும் அங்கே இருப்பவராயிற்றே என்று வாட்ச்மேனைக் கூப்பிட்டு, அவள் எப்படிக் குத்துகிறாள் என்று கேட்டார்கள்.

"அது குத்தி நான் பாத்ததே இல்லீங்க. ரோட்டப் பாத்துகினு இல்ல ஒக்காந்திருக்கேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆனா சத்தம் கேக்கும். மத்தவங்க அந்தத் தொங்குற மணல் மூட்டையில குத்துனா எனக்குத் தூக்கம் வந்துடும். அது குத்துனா தூங்க முடியாதுங்க."

"அப்ப டூட்டில தூங்குற?" என்றார் செயலாளர்.

"ஆமாங்க."

நான் பேனாவை நிறுத்தினேன். தூக்கத்தை எழுதாவிட்டால் அவர் சாட்சிக்கு அர்த்தமில்லை. எழுதினால் அவர் வேலைக்கு ஆபத்து.

"எழுதிக்கம்மா, நெசந்தான" என்றார்.

எழுதினேன். அவளை அனுப்புவதென்று முடிவானது. அவருக்கு மெமோ கொடுப்பதென்றும் முடிவானது. இரண்டும் ஒரே பக்கத்தில், என் கையெழுத்தில் இருக்கின்றன. மெமோ வரும் என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா என்று அவரிடம் கேட்க எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.