முதல் இடத்துக்குப் பூ கேட்டோம்

விண்ணப்பம் மூடும் நாள் வெள்ளிக்கிழமையாக வந்து தொலைந்தது. வேறு கிழமையாக இருந்திருந்தால் அம்மாவுக்குக் கோயில் ஞாபகம் வந்திருக்காது. என் படிப்பை அம்மன் தலையில் கட்டும் யோசனையும் வந்திருக்காது. அன்று காலை பல் விளக்கும்போது இப்படித்தான் கறுவிக்கொண்டிருந்தேன்.

பள்ளிப் படிப்பை முடிக்கும் எஸ்பிஎம் தேர்வின் முடிவுகள் வந்து, அரசாங்கக் கல்லூரிகளுக்கு இணையத்தில் விண்ணப்பம் போடும் காலம் அது. விரும்பும் படிப்புகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். முதலில் போடுவதற்குத்தான் மதிப்பு அதிகம், கடைசியில் போடுவதெல்லாம் ஒப்புக்குத்தான் என்று பள்ளியில் கவுன்சலிங் டீச்சர் சொல்லிச் சொல்லி எங்கள் காது புளித்திருந்தது. கீழே உள்ள இடங்களை நான் எப்போதோ நிரப்பிவிட்டேன். முதல் இடத்தில்தான் வீட்டில் போர் நடந்தது. நான் ஒரு கல்லூரியைப் போட்டுவிட்டுப் படுப்பேன். அப்பா வேலை முடிந்து வந்து, என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, அதைக் கீழே தள்ளச் சொல்வார். அவர் போனதும் மறுபடி மேலே ஏற்றுவேன்.

எனக்கு வேண்டியது திரெங்கானுவில் கடலோரமாக இருந்த ஒரு கல்லூரி. அங்கே மீன்வளப் படிப்பு இருந்தது. அப்பாவுக்கு வேண்டியது மலாக்காவிலேயே, வீட்டிலிருந்து போய்வரக்கூடிய ஒரு கல்லூரி. அங்கே கணக்கியல் இருந்தது. எனக்குக் கணக்கியல் என்றாலே கொட்டாவி வரும். அப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கொட்டாவி விட்டாலும் என் பிள்ளை வீட்டில் விடட்டும் என்பது அவர் கட்சி.

என்னை மீன் பக்கம் திருப்பிவிட்டதே அவர்தான். அதுதான் எனக்கு ஆத்திரம். பத்து பெரண்டாம் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் அப்பா சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றால் விடிந்ததும் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடலோரத்து உம்பாய்க்கு மீன் வாங்கப் போவார். படகிலிருந்து கூடை கூடையாக இறக்குவார்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பது, கண்ணைப் பார்த்து நேற்றைய மீனா இன்றைய மீனா என்று சொல்வது, எல்லாம் அவர் கற்றுக்கொடுத்தது. சின்ன வயதில் கண்டதைக் கேட்டேன். இந்த மீன் ஏன் போன மாதம் வரவில்லை, அந்த மீன் ஏன் சிறுத்துப்போனது என்று நான் கேட்ட கேள்விகளுக்கு அவரிடம் பதில் தீர்ந்தது. எனக்குக் கேள்வி தீரவில்லை. அதைப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“மீன் புடிக்கவே தெரியாது, மீன் படிக்கப் போறாளாம். உம்பாய்ல இல்லாத மீனா அங்க இருக்கு?”

சிரிப்புக்குப் பின்னால் பயம் இருந்தது. அங்கே நம்முடைய ஆட்கள் எத்தனை பேர், ராத்திரி முழுக்க பஸ்ஸில் தனியாக எப்படி வருவாய், காய்ச்சல் என்றால் யார் கஞ்சி வைப்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. டியூஷன் முடிந்து பஸ் கொஞ்சம் தாமதித்தாலே ஹெல்மெட்டைக் கழற்றாமல் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற மனிதர் அவர். பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கோபம் குறையவில்லை.

அம்மா நகரத்தில் ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்த்தார். நாள் முழுக்க நோயாளிகளை வரிசையில் உட்காரவைத்துப் பழகியவர். வீட்டில் சண்டை வந்தால் அப்பா பக்கத்திலேயே உட்காருவார். “அப்பா சொல்றது சரிதான்லா. பக்கத்துலயே படியேன்,” என்பார். கடைசியில் கொஞ்சலாக ஒட்டவைக்கும் அந்த ‘லா’ இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பாவிடம் அம்மா வாதாடி ஜெயித்ததாகச் சரித்திரம் கிடையாது. ஒருமுறை மூவாரில் கல்யாணத்துக்குப் போகும்போது, இந்தச் சந்தில் திரும்புங்கள் என்று அம்மா சொன்னார். அப்பா நேராகப் போனார். தப்பான வழி என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்த பிறகும் நேராகவே போனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி, பந்தி முடிந்து, பாயசம்தான் மிச்சம். பெண்டாட்டி சொல்லி வண்டியைத் திருப்புவதில்லை என்பது அவருக்கு ஒரு விரதம் மாதிரி.

ஆனால் அம்மன் சொன்னால் திரும்புவார். செர்காம் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் மாரியம்மன் கோயில்தான் எங்கள் குடும்பத்துக்கு எல்லாம். பெரிய காரியம் என்றால் அங்கே போய்ப் பூ கேட்போம். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். சாலையில் சிவப்பு என்றால் நில். எங்கள் அம்மனிடம் சிவப்பு என்றால் போ, வெள்ளை என்றால் இரு.

நான் பிறப்பதற்கு முன் அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. கப்பல் பட்டறையில், நல்ல வேலை. பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. பூ கேட்டார்கள். வெள்ளை வந்தது. பெட்டியை அலமாரி மேல் ஏற்றிவிட்டு, பத்து பெரண்டாமிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அந்தக் கதையை அவர் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. “உங்கம்மா கையால கட்டின பொட்டலம். அம்மனே எடுத்துக் கொடுத்தா,” என்று பெருமையாகத்தான் சொல்வார்.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை காலை, “பூ கேட்டுரலாங்க” என்று அம்மா சொன்னதும் அப்பா முகம் தெளிந்துவிட்டது. என் முகம் இருண்டுவிட்டது. என்னிடம் நேராகவே ஒப்பந்தம் பேசினார்.

“சிவப்பு வந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன். வெள்ளை வந்தா நீ வாயத் தொறக்கக் கூடாது. சரியா?”

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? மாலையில் விண்ணப்பம் மூடிவிடும். அதற்குள் அவர் சம்மதிக்க வேறு வழியே இல்லை.

அம்மா வாசலுக்குப் போய்ப் பூப் பறித்து வந்தார். வெட்சிச் செடி சிவப்புக்கு, நந்தியாவட்டை வெள்ளைக்கு. மல்லிகை வைத்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எப்போதும் நந்தியாவட்டைதான். நான் பார்த்தபோது அவர் தட்டில் வெள்ளைதான் குவிந்திருந்தது. சமையலறைக்குள் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்று மடித்தார். நான் கிட்டே போனதும், “குளிச்சிட்டியா? போய்க் கிளம்பு” என்று விரட்டினார். எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. இரண்டிலும் வெள்ளையைத்தான் கட்டுகிறார். அப்பா சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவர், அம்மனையும் தலையாட்ட வைக்கப் போகிறார். பெற்ற தாயா இப்படிச் செய்வது?

அதை அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சாமி காரியத்தில் அம்மாவைத் திருடி என்றா சொல்வது? சொன்னால் என்னைத்தான் அடித்திருப்பார்.

கார் உம்பாயைத் தாண்டும்போது அப்பா வழக்கம்போல் கடல் பக்கம் கையைக் காட்டி, “பாரு, உன் காலேஜு” என்றார். நான் சிரிக்கவில்லை. மடியில் கைபேசி. கடைசி நாள் என்பதால் அந்த இணையப் பக்கம் சுற்றிச் சுற்றி நின்றுகொண்டே இருந்தது. தோட்டத்துக்குள் நுழைந்ததும் லைன் சுத்தமாகப் போய்விட்டது. செம்பனை மரங்களுக்கு நடுவில் நாங்கள் மூன்று பேரும் ஒரு செத்த கைபேசியும்.

கோயில் பூட்டியிருந்தது. பூசாரி வேறொரு தோட்டத்துக் கோயிலில் பூசை முடித்துவிட்டு வர வேண்டும். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணில் சாய்ந்துகொண்டார். அம்மா பையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் வாசலுக்கும் சாலைக்கும் நடந்தேன். விண்ணப்பம் மூடுவதற்குள் பூசாரி வராமலே போனால், முதல் இடத்தில் நான் நேற்று ராத்திரி ஏற்றிவைத்ததே நின்றுவிடும் என்று ஒரு நப்பாசை. பிறகுதான் நினைவுக்கு வந்தது, அனுப்பும் பொத்தானை அழுத்தாமல் எதுவும் நிற்காது. பூசாரி வராவிட்டால் எனக்கு ஒரு கல்லூரியும் இல்லை. வந்தால் கணக்கியல்.

பூசாரி வந்தார். குளித்துவிட்டு வருகிறேன் என்றார். நான் மறுபடி சாலை வரை நடந்தேன்.

தீபாராதனை முடிந்து, அம்மா இரண்டு பொட்டலத்தையும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். பூசாரி அதை அம்மன் காலடியில் வைத்தார். வழக்கமாக ஒன்றும் அறியாத சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அன்று பிள்ளைகள் யாரும் இல்லை. நானே எடுத்துத் தரவா என்று பூசாரி கேட்டார்.

“வேணாங்க ஐயா. அவரே எடுக்கட்டும்,” என்றார் அம்மா.

அப்பா இதை எதிர்பார்க்கவில்லை. உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முன்னால் போனார். இடது பக்கப் பொட்டலத்துக்கு மேல் கை போனது. நின்றது. வலது பக்கம் போனது. எதை எடுத்தால் என்ன, இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவர் வலது பக்கத்தையே எடுத்து நாரை அவிழ்த்தார்.

வெட்சிப் பூ. சிவப்பு.

எனக்கு முதலில் சந்தோஷமே வரவில்லை. கண்தான் கோளாறு செய்கிறது என்று நினைத்தேன். அப்பா அந்தப் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணில் ஒற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “சரி” என்றார். அவ்வளவுதான். பூசாரி இன்னொரு பொட்டலத்தை அகற்றக் கை நீட்டியபோது, வீட்டு சாமி மேடையில் வைக்க வேண்டும் என்று சொல்லி அம்மா வாங்கிப் பைக்குள் போட்டார்.

திரும்பும் வழியில், தோட்டச் சாலை முடியும் இடத்தில்தான் அப்பா வாயைத் திறந்தார்.

“அந்தப் பக்கம் மழைக்காலத்துல குளிரும்பாங்க. ஜாக்கெட்டு ஒண்ணு வாங்கணும்.”

எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெரிய சாலைக்கு வந்ததும் லைன் வந்தது. எண்ணெய் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு, “இங்கயே போட்டுரு” என்று சொல்லி, அப்பா எண்ணெய் ஊற்ற இறங்கினார். கைபேசியில் மின்சாரம் குறைந்திருந்தது. சார்ஜர் அம்மா பையில். முன் இருக்கையிலிருந்து பையை வாங்கிக் கையை விட்டபோது அந்தப் பொட்டலம் தட்டுப்பட்டது. ஏன் அதைப் பிரித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலையிலிருந்து அம்மாவைத் திருடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை என்று என் கண்ணால் பார்த்துவிட நினைத்தேன் போலிருக்கிறது.

அதிலும் சிவப்பு.

வாசலில் பறித்த நந்தியாவட்டை முழுவதும் வீட்டில் முருகன் படத்துக்குப் போயிருந்தது. கிளம்பும்போது பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

“அம்மா. ரெண்டுமே சிவப்பு.”

“மெதுவா பேசு.” அம்மா திரும்பவில்லை.

“நீங்கதானே போக வேணாம்னு சொன்னீங்க?”

“இப்பவும் எனக்கு வேணாம்தான். நீ இல்லாம வீடு எனக்கு என்னத்துக்கு ஆகும்? ஆனா நான் சொன்னா உங்கப்பா வண்டிய திருப்புவாரா? அம்மன் சொன்னாத்தான் திருப்புவாரு.”

கண்ணாடிக்கு வெளியே அப்பா குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைப் பை லேசாகப் புடைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ தட்டியது. கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டேன்.

“சிங்கப்பூருக்கும் நீங்கதானே கட்டினீங்க?”

அம்மா கையைப் பின்னால் நீட்டி, பொட்டலத்தை வாங்கி, இலையைப் பழையபடி மடித்தார். நார் அறுந்துபோயிருந்தது. அதை விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“அப்ப நீ என் வயித்துல,” என்றார். பிறகு, “ஒருத்தர நிறுத்தி வச்சதே போதும்,” என்றார்.

கதவு திறந்தது. அப்பா உட்கார்ந்து, இருக்கையின் இடுப்புவாரை இழுத்து மாட்டிக்கொண்டே என்னைக் கேட்டார்.

“போட்டுட்டியா?”

முதல் இடத்தில் திரெங்கானு இருந்தது. பொத்தானை அழுத்தினேன். பக்கம் சுற்றியது. வெகுநேரம் சுற்றியது. விண்ணப்பம் பெறப்பட்டது என்று பச்சையில் வந்தது. அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன்.

அப்பா சட்டைப் பையிலிருந்த பூவை எடுத்து, காரின் முன்னால் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாரின் காலடியில் வைத்தார். முகத்தில் பல நாளாகக் காணாத நிம்மதி.

“பயப்படாதம்மா. அம்மன் நம்மள என்னைக்கும் ஏமாத்தினதில்ல,” என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, “என்னா?” என்றார்.

அம்மா பையை மூடி மடியில் வைத்துக்கொண்டு, “ஆமாங்க” என்றார்.